நான்கு இடைவெளிகள்

என் குறிப்புகள் எல்லாம் மார்க்டவுனில்தான் இருக்கின்றன; தலைப்பு, பட்டியல் போன்றவற்றைச் சில எளிய குறியீடுகளால் காட்டி எழுதும் முறை அது. 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட இந்த முறையில் எனக்குப் பிடித்தது, குறியீடுகளோடு அப்படியே படித்தாலும் கண்ணை உறுத்தாது என்பதுதான்.

நேற்று அவற்றை எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களின் குறிமொழி) ஆக்க, பைத்தான் நிரல்மொழிக்கான பைத்தான்-மார்க்டவுன் நூலகத்தை எடுத்தேன். இரண்டே வரி நிரல். தலைப்புகளும் தடித்த எழுத்துகளும் சரியாக வந்தன. உள்பட்டியல்கள் மட்டும் வெளிப்பட்டியலோடு ஒரே மட்டத்தில் நின்றன. நான் இரண்டு இடைவெளி விட்டுத்தான் எழுதுவேன். மார்க்டவுனுக்கான பொது வரையறையான காமன்மார்க்கின் விதிப்படி புள்ளிப் பட்டியலுக்கு அது போதும். இந்த நூலகம் நான்கு கேட்கிறது. பத்திக்குக் கீழே வெற்று வரி விடாமல் பட்டியலைத் தொடங்கினாலும் அதைப் பத்தியோடு சேர்த்துவிடுகிறது. இடைவெளி அளவை அமைப்பில் இரண்டாகக் குறைக்கலாம். ஆனால் கோப்புகளையே திருத்துவதுதான் சரி என்று பட்டது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து திருத்தினேன்.

அட்டவணைக்கு நூலகத்தோடு வரும் 'எக்ஸ்ட்ரா' நீட்சியைச் சேர்த்தால் போதும்.

அப்புறம் ஒன்று: மூலத்தில் உள்ள எச்டிஎம்எல்லை இந்த நூலகம் அப்படியே கடத்திவிடும், உலாவியில் நிரலை ஓட்டும் ஸ்கிரிப்ட் குறிச்சொல் உட்பட. மற்றவர் எழுதியதை எச்டிஎம்எல் ஆக்குவதாக இருந்தால், வெளியீட்டைத் தனியாக, ஆபத்தான குறிச்சொற்களை நீக்கும் ஒரு வடிகட்டியில் போட்டே ஆக வேண்டும்.