முதல் மலைப்பாம்பு: முதலில் பெட்டி, அப்புறம்தான் பாம்பு

மலைப்பாம்பு வளர்க்க நினைத்தால், சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் காடுகளில் இருக்கும் இந்திய மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. வயலில் குட்டி கிடைத்தாலும் வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (Ball python, பந்து மலைப்பாம்பு), பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் இனம். இந்தியாவில் அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும். சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதற்கே தடை. காகிதம் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

பால் பைத்தானில் பெண் நாலு, ஐந்து அடி வளரும். ஆண் அதைவிடச் சிறியது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். காட்டில் பிடித்ததை விட்டுவிட்டு, வளர்ப்பில் பிறந்து, உறையவைத்த எலியை ஏற்கெனவே சாப்பிடப் பழகிய குட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைச் சூடேற்றி ஓடவிட்டு வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 25 முதல் 27. இரண்டும் வேண்டும், பாம்பு தன் உடல் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். சூடு போதவில்லையென்றால் விழுங்கிய எலி செரிக்காது, கக்கிவிடும். ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வைத்தால் பெட்டிக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மட்டும். சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைச் செருகவே கூடாது. கட்டுப்பாடு இல்லாத மேட் வயிற்றைப் பொசுக்கிவிடும். பாம்பும் உடனே நகர்ந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவே ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு தள்ளிவிடும், தண்ணீர் சிந்தி நனையும். தெர்மோஸ்டாட் ஏமாந்து சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி இருக்கும் ஊர்களில் பிரச்சினை தலைகீழ்: பெட்டியைக் குளிர்ந்த அறைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

ஒளிந்துகொள்ள ஒரே மாதிரி இரண்டு இடங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். அகலமான குகை அழகாக இருக்கும், பாம்புக்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. தரையில் தேங்காய் மட்டைத் துண்டுகள் போதும். தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம், அவற்றின் எண்ணெய் நுரையீரலைப் பாதிக்கும். ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். மேலே தெளித்துக்கொண்டே இருப்பதைவிட மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள்: அடி ஈரமாக, மேல் காய்ந்து இருக்க வேண்டும். மேற்பரப்பே நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும்.

வந்த முதல் வாரம் தொடவும் வேண்டாம், இரை கொடுக்கவும் வேண்டாம். பிறகு குட்டிக்கு வாரம் ஒருமுறை, அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் எடையுள்ள எலி. வளர வளர இடைவெளி நீளும். முழு வளர்ச்சி பெற்றதற்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, எடையில் 5 சதவீதம் போதும். உறைந்த எலியை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இளக்கி, பையோடு வெந்நீரில் வைத்து, மேல் சூடு 38 டிகிரி வந்ததும் நீண்ட இடுக்கியில் நீட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்; வெளியே ஆறி உள்ளே வெந்திருக்கும், எலியின் வயிறும் வெடிக்கும். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிய சம்பவங்கள் உண்டு. ஊட்டியபின் 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு, அடுத்த இரை சிறியது.

பலரைப் பதற வைப்பது பட்டினி. பால் பைத்தான் சாப்பிட மறுப்பதற்குப் பேர்போனது. வளர்ந்த பாம்பு, அதிலும் ஆண், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கூட மறுக்கும். தினமும் எலியை மூக்குக்கு முன் ஆட்டினால் இன்னும் பயந்துபோகும். வெப்பத்தையும் ஒளிவிடத்தையும் சரிபாருங்கள், பத்து நாள் விட்டு மறுபடி நீட்டுங்கள், சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வாராவாரம் எடை குறித்துவையுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் கவலை. குட்டி என்றால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது.

கண் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது இரையை மறுப்பது இயல்பு. உரித்த சட்டையில் இரண்டு கண் மூடிகளும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் நோண்டாமல், ஈரப் பாசி போட்ட டப்பாவை ஒளிவிடமாக வையுங்கள்.

மூச்சில் விசில் சத்தம், வாயில் நுரை, திறந்த வாயோடு தலையை நிமிர்த்தியே வைத்திருப்பது ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள்போல் மிதக்கும் புள்ளிகள் உண்ணிகள். நாய் பூனைக்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பாம்பின் மேல் அடிக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அப்படி ஒருவரின் தொலைபேசி எண்ணைப் பாம்பு வாங்குவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.