ஹெப்பாள்ல இருந்து எங்க குச்சிக்காட்டுக்கு வந்த குளவி

எட்டு வருஷமா தினமும் காலைல பெங்களூர்ல பெல்லாரி ரோட்டுல தான் ஆபீஸ் போறேன். ஹெப்பாள் ஃப்ளைஓவர் பக்கம் கேப் நகராம நிக்கும்போது ஒண்ணு மொபைல பாத்துட்டு இருப்பேன், இல்ல தூங்கிட்டு இருப்பேன். ஒருநாள் அப்படி நிக்கும்போது தான் ஊர்ல இருந்து அப்பா போன். எடுத்ததும் கேட்ட முதல் கேள்வியே "பாப்பா, நம்ம காட்டுல விட்ட குளவி உங்க ஊருல இருந்து தான் வந்துச்சாம், ஹெப்பாளாமே, நீ பாத்திருக்கியா?" அப்படின்னு தான். நான் பாத்ததே இல்ல. அதே ரோட்டுல தான் பூச்சிகளுக்குன்னே மத்திய அரசு வச்சிருக்கிற ஆராய்ச்சி நிலையம் இருக்கு, என்.பி.ஏ.ஐ.ஆர்.னு சொல்வாங்க. அன்னைல இருந்து இதப்பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சேன், தெரிஞ்சவங்க கிட்ட கேட்டேன். அதையெல்லாம் ஒரு இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

எங்க ஊரு சேலம் ஜில்லா ஆத்தூர் பக்கம். அங்க குச்சிக்கிழங்கு தான் பொழப்பு, புக்குல மரவள்ளின்னு போட்டிருப்பாங்க, நாங்க குச்சிக்கிழங்குனு தான் சொல்வோம். தண்ணி கம்மியா இருந்தாலும் தாங்கும், பத்து மாசத்துல வெட்டலாம், லாரி ஏத்தி சேகோ ஃபேக்டரிக்கு அனுப்பிட்டா ஜவ்வரிசியாவோ ஸ்டார்ச்சாவோ ஆயிடும். அங்க எடை மட்டும் பத்தாது, கிழங்குல எத்தன பாயிண்ட் மாவு நிக்குதுன்னு பாத்து தான் விலை போடுவாங்க. கிழங்கு பெருசா இருந்து பாயிண்ட் கம்மியா போனா அந்த வருஷம் அவ்வளவு தான், அப்பா வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேச மாட்டாரு.

2021 கோடைல நான் வீட்ல இருந்து தான் வேலை பாத்துட்டு இருந்தேன். சாயங்காலம் ஆபீஸ் போன் கால் முடிச்சுட்டு காட்டுக்குப் போனா செடியோட நுனியெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு கெடந்துச்சு. எல விரியவே இல்ல, கணுவுக்கு கணு இருக்கிற தூரம் குறுகி தண்டு கோணிக்கிட்டு நிக்குது. ஒரு கொழுந்த பிரிச்சுப் பாத்தேன், உள்ள வெள்ளையா மாவு தெளிச்ச மாதிரி, அந்த மாவுக்குள்ள இளஞ்சிவப்பா பூச்சி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. விரல்ல நசுக்கினா பிசுபிசுன்னு இருந்துச்சு. அப்பா ஏற்கனவே ரெண்டு தடவ மருந்து அடிச்சிருந்தாரு, மூணாவது தடவைக்கு மருந்துக் கடைக்காரரு வேற ஒரு பாட்டில் குடுத்து இது கண்டிப்பா கேக்கும்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. அதுவும் கேக்கல. அடிச்ச அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு தலவலியும் வாந்தியும். அம்மா மோர் கரைச்சுக் குடுத்துட்டு திண்ணைல உக்காந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது.

ஏன் கேக்கலன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. அந்தப் பூச்சிக்கு மாவுப்பூச்சின்னு பேரு, அது மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, மருந்துத் தண்ணி அதுல ஒட்டாது, அதுவும் போக சுருண்ட கொழுந்துக்குள்ள உக்காந்திருக்கும், அங்க ஸ்பிரேயே போய்ச் சேராது. இந்த வகையில ஆண் பூச்சியே தேவையில்ல, பொட்டப் பூச்சி தனியாவே நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். ஒண்ணு தப்பிச்சாலும் போதும். மருந்துக்கு சுலபமா சாகறது யாருன்னா வெளிய நடமாடுற பொறிவண்டு மாதிரி நல்ல பூச்சிங்க தான். அதாவது நாம காசு குடுத்து நமக்காக சண்ட போடுறவங்களையே கொன்னுட்டு இருந்தோம். இத எழுதும்போதே வயிறு எரியுது.

இந்த மாவுப்பூச்சி நம்ம ஊரு பூச்சியே இல்ல. தென் அமெரிக்காவுல இருக்கறது, அங்க அதத் தின்ன எதிரிங்க இருக்கறதால அடக்கமா இருந்துச்சு. 1970கள்ல எப்படியோ ஆப்பிரிக்காவுக்குப் போய் காங்கோ பக்கம் ஆரம்பிச்சு நாடு நாடா மரவள்ளிய அழிச்சுது, அங்க அது ஃபேக்டரிக்குப் போற பயிரு இல்ல, மூணு வேளையும் அது தான் சோறு. ஹான்ஸ் ஹெரன்னு ஒரு சுவிட்சர்லாந்து விஞ்ஞானி நைஜீரியால இருந்த ஆராய்ச்சி நிலையத்துல சேர்ந்து, பூச்சி எங்க பொறந்துச்சோ அங்க போய் அதோட எதிரியத் தேடலாம்னு வேலைய ஆரம்பிச்சாரு. தேடித் தேடி 1981ல பராகுவேல ஒரு குளவி கிடைச்சுது, பேரு அனாகைரஸ் லோபெசி. குளவின்னதும் நம்மள கொட்டுற குளவிய நினைச்சுக்காதீங்க, இது ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது, கொட்டவும் கொட்டாது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், அதுல வர்ற புழு உள்ள இருந்தே பூச்சியத் தின்னுடும். அதக் கொண்டு வந்து வளத்து, சில இடத்துல விமானத்துல இருந்து கூட காட்டு மேல விட்டாங்க. ஒவ்வொரு நாடா பூச்சி அடங்குச்சு. 1995ல ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு குடுத்தாங்க.

அதே பூச்சி 2008ல தாய்லாந்துக்கு வந்துச்சு, அவங்களும் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து அதே குளவிய வாங்கிட்டுப் போனாங்க. 2020ல நம்ம நாட்டுல கேரளாவுல முதல்ல கண்டுபிடிச்சாங்க, அங்கிருந்து சேலம் நாமக்கல் வர ரொம்ப நாள் ஆகல, ஏன்னா நாம குச்சிய வெட்டி ஊரு விட்டு ஊரு நடவுக்குக் கொண்டு போறோம், பூச்சியும் அதோடயே ஏறிப் போயிடும்.

இங்க தான் பெங்களூர் வருது. 2021ல பெனின்ல இருந்து அந்தக் குளவிய இந்த ஹெப்பாள் நிலையத்துக்குத் தான் கொண்டு வந்தாங்க. கொண்டு வந்ததும் தூக்கிக் காட்டுல விட்டுட முடியாது. பூட்டி வச்ச அறைல, க்வாரண்டைன்ல, ஒவ்வொண்ணா சோதிக்கணும். இது தேனீய தொடுமா, பட்டுப்புழுவ தொடுமா, நம்ம ஊரு நல்ல பூச்சிகள்ல எதையாவது கெடுக்குமா, எல்லாத்தையும் பாக்கணும். ஊர்ல ஜனங்க கொழுந்த கையில வச்சுக்கிட்டு எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுட்டு இருக்காங்க, இங்க இவங்க அவசரப்படாம சோதிச்சுட்டு இருக்காங்க. அப்ப எனக்கு இது தெரிஞ்சிருந்தா கோவம் வந்திருக்கும். இப்ப நினைச்சா அந்த நிதானம் தான் இந்த வேலையிலயே பெரிய விஷயம்னு படுது, ஏன்னா உயிரோட ஒண்ண வெளிய விட்டா திரும்பக் கூப்பிட முடியாதுல்ல.

வளக்கறதும் லேசு இல்ல. குளவி வேணும்னா மாவுப்பூச்சி வேணும், மாவுப்பூச்சி வேணும்னா மரவள்ளிச் செடி வேணும், அப்ப செடிய வளத்து அது மேல பூச்சிய வளத்து அதுக்குள்ள குளவிய வளக்கணும், மூணுல ஒண்ணு கெட்டா மூணும் போச்சு.

அப்பா மாதிரி ஆளுங்க இத நம்பினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, வீட்டு வாசல்ல இருக்கிற செம்பருத்தி வரைக்கும் வெள்ளையா பூத்துப் போச்சு. எங்க ஆயா நட்ட பப்பாளி மரத்த வெட்டிக் கொளுத்துனோம். 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து மூணு வகை குளவி இதே பெங்களூருக்குத் தான் வந்துச்சு, அத முளை விட்ட உருளைக்கிழங்குல பூச்சிய ஏத்தி வளத்து தமிழ்நாடு முழுக்கக் குடுத்தாங்க. சில மாசத்துலயே அந்தப் பூச்சி அடங்கிப் போச்சு. அப்ப யாரும் பட்டாசு வெடிக்கல, பூச்சி போனத ஜனங்க கவனிக்கக் கூட இல்ல. நோய் வந்தா ஊரே பேசும், போனா யாரு பேசறா?

2022ல ஏத்தாப்பூர்ல இருக்கிற மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல குளவி விட்டாங்க. அப்புறம் அப்பாவும் ஒரு டப்பா வாங்கிட்டு வந்தாரு. டப்பாவப் பாத்துட்டு அம்மா "இதுல ஒண்ணுமே இல்லையே"ன்னு சொன்னாங்களாம். சாயங்காலம் வெயில் தணிஞ்சதும் காட்டுக்கு நடுவுல நின்னு மூடியத் தெறந்திருக்காரு, அவ்வளவு தான், கண்ணுக்கே தெரியாம போயிடுச்சு.

அதுக்கப்புறம் தான் கஷ்டம். மருந்து அடிக்கக் கூடாது. கொழுந்து சுருண்டே இருக்கு, பக்கத்துக் காட்டுக்காரரு பம்ப் மாட்டிட்டுக் கிளம்பறாரு, மருந்துக் கடைக்காரரு போன் மேல போன் போடறாரு, இவரு கையக் கட்டிட்டு நிக்கணும். குளவி முட்டை வச்சு அடுத்த தலமுற வெளிய வர கிட்டத்தட்ட மூணு வாரம் ஆகும், காடு பூரா பரவ ரெண்டு மூணு தலமுறையாவது வேணும். விவசாயிக்கு சும்மா இருக்கறத விடப் பெரிய வேலை கிடையாது. அப்பா பக்கத்துக் காட்டு மாமா கிட்டப் போய் "மச்சான், ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்க, உன் மருந்துக் காத்து என் காட்டுக்கு வந்தா எல்லாம் போயிடும்"னு கெஞ்சியிருக்காரு. அவரு சரின்னு சொல்லல, முடியாதுன்னும் சொல்லல, ஆனா அடிக்கல.

எனக்கு இதுல ஒண்ணு மட்டும் ஆறவே மாட்டேங்குது. மருந்த விக்கறதுக்கு கடை இருக்கு, சுவருல விளம்பரம் இருக்கு. இந்தக் குளவிய ஒரு தடவ விட்டா அதுவே பெருகி அதுவே பறந்து அடுத்த ஊருக்குப் போயிடும், விவசாயி மறுபடி வாங்க வேண்டியதே இல்ல, அதனால இத யாரும் விக்கவும் மாட்டாங்க, வீடு வீடா போய் சொல்லவும் மாட்டாங்க. அப்ப இதுக்கு அரசாங்கம் தான் காசு போட்டாகணும், வேற வழியே கிடையாது. ஆராய்ச்சிக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு யாராவது கேட்டா நான் இப்பல்லாம் சும்மா இருக்கறதில்ல.

குளவி எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்ல வரல. வெள்ளை ஈ பரப்புற மொசைக் நோய்க்கு இது ஒண்ணும் பண்ணாது, அதுக்கு நோய் இல்லாத குச்சியப் பாத்து நடணும், தாங்குற ரகம் வேணும், அது தனி வேலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா என்ன காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கொழுந்த ஒடிச்சுக் கையில குடுத்து "போன்ல பெருசு பண்ணிப் பாரு"ன்னாரு. கேமராவ ஜூம் பண்ணினேன். வெள்ளை மாவு கொஞ்சம் தான் இருந்துச்சு, அதுக்கு நடுவுல பழுப்பா, சீரகத்தோட முனைய ஒடிச்சுப் போட்ட மாதிரி உப்பலா நாலஞ்சு. மாவுப்பூச்சியோட கூடு தான், உள்ள எல்லாத்தையும் குளவிப் புழு தின்னு முடிச்சிருச்சு. ரெண்டு கூட்டோட நுனில மட்டும் வட்டமா ஒரு ஓட்ட, குளவி வெளிய போன வழி. "ஓட்ட இல்லாததுல இன்னும் உள்ள இருக்கு"ன்னு சொல்லிட்டு அப்பா அந்த மாதிரி கொழுந்தா பாத்து ஒரு பத்து பதினஞ்ச ஒடிச்சாரு. பேப்பர் பையில போட்டு வாய மடிச்சு, வண்டி சீட்டுல வெயில் படாம ஒரு ஈரத்துணியும் சுத்தினாரு.

எங்க கெளம்பிட்டீங்கப்பான்னு கேட்டேன். ராசிபுரத்துல பெரியப்பா காட்டுல இப்ப தான் நுனி சுருள ஆரம்பிச்சிருக்காம், இருட்டறதுக்குள்ள கொண்டு போய்க் கட்டிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தாரு.