கிராபிக்ஸ் சாரும் ஃபோங் ஷேடிங்கும்

பினாங்குல நமக்குக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சொல்லிக்குடுத்த நம்ம கிராபிக்ஸ் சார் ஜனவரியில தவறிட்டார்னு குரூப்ல பார்த்திருப்பீங்க. மெல்பர்ன்ல இருந்து என்னால காரியத்துக்குக்கூட போய்ச் சேர முடியல. மலருக்கு ஏதாச்சும் எழுதுங்கன்னு நம்ம பழைய மாணவர் சங்கத்துல கேட்டப்ப வேற யாரைப் பத்தியும் எழுதத் தோணல. இந்த 2025 ஜூனுக்காக அவர் ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தார், கம்ப்யூட்டர் படத்துல ஒரு பொருள் மேல விழுற வெளிச்சத்தையும் பளபளப்பையும் கணக்குப் போட வழி சொன்ன ஃபோங்கோட பேப்பர் வந்து 50 வருஷம்.

சார் ஃபார்முலாவை முதல்ல போட மாட்டார், ஆளைத்தான் முதல்ல சொல்வார். புய் துவாங் ஃபோங், 1942ல ஹனோயில பிறந்தவர், பிரான்ஸ்ல படிச்சிட்டு 1971ல அமெரிக்காவுக்கு யூட்டா யூனிவர்சிட்டி போனவர், படிக்கிறப்பவே ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சும் 1973ல பிஹெச்டி முடிச்சார், ஸ்டான்ஃபோர்ட்ல வாத்தியாரா சேர்ந்தார், 1975ல 33 வயசுகூட ஆகாம போயிட்டார். அந்த வருஷம் ஏப்ரல்லதான் சைகோனும் விழுந்துச்சு. "நம்ம பக்கத்து ஊர்க்காரன்டா அவன்"னு சொல்றப்ப சார் குரல் மாறிடும், பினாங்குல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலைன்னு நினைச்ச நமக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய விஷயம்.

அப்புறம்தான் எவர்சில்வர் சொம்பும் டார்ச்லைட்டும் வெளிய வரும். குரோங்கிற ஆராய்ச்சியாளர் 1971ல சொன்ன முறையில, பொருளைச் சின்னச் சின்ன முக்கோணமாப் பிரிச்சு, முக்கோணத்தோட மூலையில மட்டும் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு நடுவுல கலரை இழுத்துவிடுவாங்க, அதனால நடுவுல விழ வேண்டிய பளபளப்பு காணாமப் போயிடும். ஃபோங் கலரை இழுக்காம, பரப்பு எந்தப் பக்கம் பார்க்குதுங்கிற நார்மலை ஒவ்வொரு பிக்சலுக்கும் கொண்டுபோய் அங்கங்க கணக்குப் போட்டார். ஃபார்முலாவுல பளபளப்புக்குன்னு இருக்கிற அடுக்கை (பவரை) ஏத்த ஏத்த சொம்பு மேல இருக்கிற வெள்ளைப் புள்ளி சின்னதா, கூர்மையா ஆகும். லேப்ல அதை முதல் தடவை ஸ்கிரீன்ல பார்த்த அன்னைக்கு நாம கத்தின கத்துல செக்யூரிட்டி கார்டு ஓடி வந்தது ஞாபகம் இருக்கா?

சாரோட சொந்த ஆராய்ச்சி ஜரிகை. ஃபோங் மாடல்ல பளபளப்பு வட்டமா வரும், சொம்புக்கு அது சரி, பட்டுச்சேலைக்கும், மலாய்க்காரங்க ஜரிகைத் துணியான சொங்கெட்டுக்கும் சரிவராது, நூல் ஓடுற திசைக்குக் குறுக்கே வெளிச்சம் இழுபடும். கஜியா, வார்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985லயும் 1992லயும் இந்த மாதிரிப் பரப்புகளுக்கு வழி சொல்லியிருந்தாங்க. சார் அதையெல்லாம் படிச்சிட்டு, அவர் மனைவி, நம்ம டீச்சரம்மாவோட கல்யாணச் சேலையை மேசை மேல விரிச்சு, விளக்கை நகர்த்தி நகர்த்தி போட்டோ எடுத்து, கணக்கோட ஒத்துப் பார்ப்பார். டீச்சரம்மாதான் விளக்கைப் பிடிப்பாங்க, தமிழ்ப்பள்ளியில நாள் பூரா கத்திட்டு வந்த களைப்போட.

அதை டிபார்ட்மெண்ட் செமினார்ல காட்டின அன்னைக்கு நடந்தது இன்னும் எனக்கு ஆறல. முன் வரிசையில இருந்த ஒரு பெரியவர், சேலை விக்கிற கடைக்கா ஆராய்ச்சிப் பணம் குடுக்கிறோம்னு கேட்டார், ஹாலே சிரிச்சது. சார் முகம் அப்படியே கறுத்துப்போச்சு. ஆனா ஸ்லைடை நிறுத்தல, மீதி அத்தனையையும் ஒண்ணுவிடாம விளக்கி முடிச்சிட்டுத்தான் இறங்கினார். அடுத்த வருஷம் பணம் வரல. சனிக்கிழமை சாயங்காலம் லேப் சாவியை வாங்கிக்கிட்டு தனியா வேலையைத் தொடர்ந்தார். இப்ப துணியை கம்ப்யூட்டர்ல காட்டுறதுக்குன்னே டீம் வச்சிருக்காங்க, என் சம்பளமும் அந்த மாதிரி வேலையிலதான் வருது, அதனால சொல்றேன், சார் செஞ்சது நல்ல வேலை.

வெளியூர்ல அவருக்கே இடம் கிடைச்சிருந்தது, போகல. ஏன்னு நாம கேட்டதும் இல்ல, அவர் சொன்னதும் இல்ல. எனக்கு மட்டும் மூணு பக்கத்துக்கு சிபாரிசுக் கடிதம் எழுதிக் குடுத்து, "படிச்சிட்டு வாடா, ஜரிகை வேலை அப்படியே இருக்கும்"னு அனுப்பி வச்சார். வந்துடுவேன்னுதான் நானும் கிளம்பினேன், அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைங்க படிப்புன்னு இங்கயே வேர் பிடிச்சாச்சு. தீபாவளிக்கு போன் பண்றப்பெல்லாம் எப்ப வரேன்னு கேட்பார், போன வருஷம் கேட்கல. அது இப்பதான் உறைக்குது.

அவரோட கைப்பட எழுதின நோட்ஸ், சேலை போட்டோ, பழைய டிஸ்க் எல்லாத்தையும் மகள் இப்ப தேடிச் சேர்த்துக்கிட்டு இருக்காங்க. ஜெராக்ஸ் எடுத்தவங்க நிறைய பேர் இருப்பீங்க, பெட்டியைக் கொஞ்சம் தேடிப் பாருங்க. சங்க முகவரிக்கு அனுப்பினா டிசம்பர்ல நான் பினாங்கு போறப்ப நேர்ல கொண்டுபோய்க் குடுத்திடுறேன்.