ஹவாயில் பினாக்பெட் வைப்பவர்களுக்கு

1906 டிசம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து 15 பேர் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலுலுவில் வந்திறங்கினார்கள். பின்னால் வந்த 'சகாடா' எனப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸின் வடக்கு லூசோன் தீவுப் பகுதியின் இலோகானோ மக்கள். ஓவாஹு தீவின் வாய்பஹு போன்ற பழைய தோட்ட ஊர்களில் அவர்கள் வீட்டுக் கொல்லையைப் பார்த்தால் நமக்கே ஊர் நினைப்பு வரும்: முருங்கை, பாகல், கத்தரி, வெண்டை, அவரை. பாகல், கத்தரி, வெண்டையை உப்பு மீன் ஊறல் நீரில் வேகவைக்கும் இலோகானோ காய்க்கூட்டுதான் பினாக்பெட்.

புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் நட வேண்டியது முருங்கைதான். மணிக்கட்டுப் பருமனில் ஒரு மீட்டர் கிளை போதும். வெட்டுவாய் சில நாள் நிழலில் காய வேண்டும்; பச்சையாக ஈரமண்ணில் ஊன்றினால் அடி அழுகிவிடும்.

பினாக்பெட்டின் உயிர் புகுவோங் என்ற உப்பு மீன் ஊறல். நெத்திலி மாதிரிச் சிறுமீனில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைப்பது. மணிலா வட்டாரத் தகாலோக் மக்கள் சமையலில் இறால் ஊறலும் பூசணியும் சேர்ப்பார்கள். பூசணி இனிப்பு கசப்பை அமுக்கிவிடும், இலோகானோ ருசிக்கு அது ஒத்துவராது.

நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி புகுவோங்கை முக்கால் கோப்பை வெந்நீரில் கரைத்து, முள் போக வடிகட்டுங்கள். வேறு உப்பு கூடாது. புட்டிக்குப் புட்டி உப்பு மாறும் என்பதால் முதலில் பாதியை ஊற்றிப் பார்ப்பது நல்லது. அடிச்சட்டியில் மூன்று தக்காளி, ஒரு வெங்காயம், ஒரு விரற்கடை இஞ்சி, வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள். மேலே பாகல், நான்காகக் கீறிய காம்போடு கூடிய சின்னக் கத்தரிக்காய், உச்சியில் முழு வெண்டை. மூடி, சிறு தீயில் இருபது நிமிடம்.

கரண்டி போட்டுக் கிளறவே கூடாது. கத்தரி குழையும், வெண்டை உடைந்து கொழகொழக்கும், பாகல் கசப்பு எல்லாவற்றிலும் இறங்கும். சட்டியைக் காதோடு பிடித்து இரண்டு முறை குலுக்கினால் போதும். காய்கள் சுருங்கி, நீர் ஏறக்குறைய வற்றியதும் இறக்கலாம்.

இலோகானோ மக்களின் சொந்த ஊரான இலோகோஸில் உருண்டைக் குட்டிப் பாகலை முழுதாகப் போடுவார்கள். கடையில் கிடைக்கும் நீண்ட சீனப் பாகல் நிறைய நீர் விடும். அதைப் போட்டால் அரைக் கோப்பைத் தண்ணீரே ஏராளம். பலருக்குப் பினாக்பெட் குழம்பாகிப் போவது இதனால்தான்.

முருங்கைக்கீரை இதற்கல்ல, தினெங்தெங் என்ற இலோகானோ காய்ச்சாறுக்கு. புகுவோங் நீர் கொதிக்கும்போது சுட்ட மீனும் காயும் போட்டு, கீரையை அடுப்பணைக்கும் நேரத்தில் தூவ வேண்டும். நெடுநேரம் கொதித்தால் கீரை கசந்துவிடும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் புகுவோங்கைத் தாளிக்காமல் வெந்நீரில் கரைத்தே ஊற்றுங்கள். சூடான எண்ணெயில் பட்டால் கருவாட்டு வாடை தாழ்வாரம் முழுக்கப் பரவி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.