இத்தாலி ஒரு பக்கம், ஜெர்மனி ஒரு பக்கம்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் ஒருங்கிணைந்த கல்வி என்றாலே எல்லோரும் பின்லாந்தைத்தான் இழுப்பார்கள். எனக்கு என்னவோ இத்தாலிதான் சுவாரசியம். 1977-இல் 517-ஆம் எண் சட்டம் கொண்டுவந்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்த சிறப்பு வகுப்புகளை அப்படியே எடுத்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், அப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவ வகுப்புக்கு வரும் துணை ஆசிரியர் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆள் இல்லை, வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர். மதிப்பெண் போடும்போதுகூட மற்ற ஆசிரியர்களோடு சமமாக உட்காருகிறார். சட்டப்படி அப்படி. நடைமுறையில், சிறப்புப் பயிற்சி இல்லாத தற்காலிக ஆசிரியர்கள் ஏராளம், வருஷம் மாறினால் ஆளும் மாறிவிடுவார், பிள்ளை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

ஜெர்மனி இதற்கு நேரெதிர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை அங்கே 2009-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆனால் பள்ளிக்கல்வி 16 மாநிலங்களின் கையில். பிரேமன் பெரும்பாலான சிறப்புப் பள்ளிகளை மூடியது. பவேரியா அவற்றை விட மாட்டேன் என்கிறது. ஜெர்மனி முழுவதும் பார்த்தால், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேல் இன்னும் தனிப் பள்ளிகளில்தான். 'பெற்றோர் தேர்வு' என்று காரணம் சொல்வார்கள். சரி, பக்கத்துப் பள்ளியில் லிஃப்டும் இல்லை, துணை ஆசிரியரும் இல்லை என்றால் அதென்ன தேர்வு?

அப்புறம் போர்ச்சுகல். 2018-இல் வந்த சட்டப்படி, உதவி கிடைக்கப் பிள்ளைக்கு முதலில் ஊனத்தின் பெயரில் முத்திரை குத்த வேண்டியதில்லை. நம் ஊரில் சான்றிதழுக்கு அலைகிற பெற்றோருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.