நான்கு பித்தளைக் குரல்களுக்கு ஒரு ஃபியூக்: நாட்குறிப்பு

ஜூன் 4

பாக்கின் விசைப்பலகைப் படைப்புத் தொகுப்பான ‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ இரண்டாம் தொகுதியிலுள்ள இ மேஜர் ஃபியூக்கை (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று நுழையும் படைப்பு), இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன் ஆகிய பித்தளை ஊதுகருவிகள் கொண்ட நால்வர் குழுவுக்காக எழுதத் தொடங்கியிருக்கிறேன். விசைப்பலகைக்கான படைப்பே ஆயினும், இது பழைய தேவாலயப் பாடகர் குழுக்களின் நடையில் செல்கிறது. கருப்பொருளில் இருப்பவை இ, எஃப் ஷார்ப், ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ என்னும் ஆறே ஸ்வரங்கள். பாக்குக்கு முன்பே இசையமைப்பாளர் ஃபிஷர் தமது ‘அரியாட்னே மூசிகா’ என்ற ஆர்கன் தொகுப்பில் அவற்றைக் கையாண்டிருக்கிறார்.

ஜூன் 6

சுருதியை முடிவு செய்தேன். மோட்சார்ட் இத்தொகுதியின் ஐந்து ஃபியூக்குகளைத் தந்தி நால்வருக்கு மாற்றியபோது இதை இ மேஜரிலேயே விட்டுவிட்டு, டி ஷார்ப் மைனரில் இருந்ததை மட்டும் டி மைனருக்கு இறக்கினார். வயலின்காரர்களுக்கு இ மேஜர் சுகமானது. பி ஃபிளாட் டிரம்பெட், எஃப் ஹார்ன் ஆகியவற்றின் தாளில் ஒலிப்பதைவிட உயரமான சுருதியில் எழுத வேண்டும். அதனால் டிரம்பெட்டுக்கு அது ஆறு ஷார்ப்புகளும் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறிகள்), ஹார்னுக்கு ஐந்து ஷார்ப்புகளும் ஆகிவிடும். ஆகவே இ ஃபிளாட் மேஜருக்கு இறக்குகிறேன். டிரம்பெட்காரர்களின் தாளில் எஃப் மேஜரும், ஹார்ன்காரரின் தாளில் பி ஃபிளாட் மேஜரும் இருக்கும்.

ஜூன் 9

ஸ்வரங்களைப் பெயர்த்தெழுதுவது ஒரு மாலை வேலை. மூச்சுக்கு இடம் காண்பதுதான் உண்மையான வேலை. கருப்பொருளோடு மீண்டும் நுழையும் குரலுக்கு அதற்கு முன் பாக் பல இடங்களில் ஓய்வு தருவதால் அங்கே கவலை இல்லை. ஆனால் ஒரு குரல் முந்தைய ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவை அதனடியில் நகர்ந்து அதை அபசுரமாக்கி, பிறகு அது ஒரு படி இறங்கி இணங்கும் இடங்களில், இறங்குவதற்கு முன் மூச்சு விட்டால் அந்த இழுவிசை முழுவதும் வீணாகிவிடும். இணங்கிய பிறகே மூச்சு என்று விதி வைத்து, நால்வரில் இருவர் ஒரே நேரத்தில் நிறுத்தாதபடி ஒவ்வொரு தாளிலும் காற்புள்ளி இடுகிறேன். மூச்சுக்காக ஒரு வரியை இரு கருவிகளுக்குப் பங்கிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஒரு குரலின் பயணத்தைக் காதால் பின்தொடர்வதே ஃபியூக்கைக் கேட்பதன் இன்பம்.

ஜூன் 15

முதல் ஒத்திகை. டிராம்போன் தொடங்க, ஹார்ன் அதே கருப்பொருளை வேறு சுருதியில் ஏற்று விடை சொல்கிறது. ஹார்னின் வாய் பின்புறம் பார்ப்பதால் அந்த விடை மங்கிக் கேட்டது. அவர் பகுதியில் ஒலியளவை ஒரு படி உயர்த்தி, அவருக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி அமர்த்தினோம். ஒரு குரல் முடியுமுன் மற்றொன்று அடுக்கி நுழையும் பகுதிகளில் இரண்டு டிரம்பெட்டுகளும் ஒன்றாகக் கரைந்தன. இரண்டாவதை டிரம்பெட்டை ஒத்த ஃப்ளூகல்ஹார்னாக மாற்றலாம் என்ற யோசனை வந்தது. அது நிறத்தை மென்மையாக்கும், தெளிவைத் தராது என்பது என் எண்ணம். மாறாக, இருவரையும் அரைவட்டத்தின் இரு முனைகளில் உட்காரவைத்ததும் வரிகள் பிரிந்து கேட்டன. நாக்கால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தட்டித் தொடங்கும் பழக்கத்தையும் இங்கே குறைக்கச் சொன்னேன்.

ஜூன் 18

ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் இறுதி இசைவில், இ ஃபிளாட் மேஜரின் மூன்றாம் ஸ்வரமான ஜி எவரிடம் இருக்கிறதோ அவர் அதைப் பியானோவின் ஜி-யைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் அரைப்படியில் நூறில் ஒரு பங்கு) தாழ்த்த வேண்டும் என்று தாளிலேயே குறித்துவிட்டேன். பித்தளைக் கருவிகளில் மேஜர் இசைவு அப்போதுதான் அதிர்வின்றி நிற்கிறது. அடுத்த ஒத்திகைக்கு முன் டிராம்போன் தாளின் மூச்சுக் குறிகளை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.