இருமுனையும் கூரான படகு

ஆஸ்லோவிலிருந்து லார்விக்குக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நார்வே போகிறவர்கள் மலை, கடற்கழி என்று வடமேற்கே போவார்கள். நான் தெற்கே இறங்கினேன். படகு வடிவமைப்பாளர் காலின் ஆர்ச்சர் வாழ்ந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

முந்தைய நாள்தான் ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் அவர் வடிவமைத்த ஃப்ராம் கப்பலுக்குள் ஏறிப் பார்த்திருந்தேன். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்படி, அடிப்பகுதியை உருண்டையாக அமைத்தார் ஆர்ச்சர். உள்ளே பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து நிற்கும் மரங்களைப் பார்த்தால் காட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கும். 1893 முதல் 1896 வரை வடதுருவப் பனியில் சிக்கி மிதந்த அந்தப் பயணத்தில் போன 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

லார்விக்கில் கடலோரம் டோலெரோடன் என்ற பழைய வீடு. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1832இல் பிறந்த ஆர்ச்சர் வளர்ந்தது இங்கேதான். இளைஞராக ஆஸ்திரேலியா போய், 1861இல் ஊர் திரும்பினார். படகுக் கலையைத் தானே படித்துக் கற்றார்.

அப்போது இந்தக் கரையில் பைலட்டுகள், அதாவது கப்பல்களைத் துறைமுகத்துக்கு வழிகாட்டி அழைத்துவருபவர்கள், சிறு படகுகளில் திறந்த கடலுக்குப் போய்க் காத்திருப்பார்கள். புயலில் பலர் திரும்பவில்லை. ஆர்ச்சர் அந்தப் படகுகளையே கையில் எடுத்தார். மேல்தளத்தை முழுவதும் மூடினார். படகுக்குள் கல்லாகக் கிடந்த பாரத்துக்குப் பதில் அடிமரத்திலேயே இரும்பைப் பொருத்தினார். அலை சாய்த்தாலும் அந்த எடை படகை நிமிர்த்திவிடும். முன்முனையான அணியத்தைப் போலவே பின்முனையான அமரத்தையும் கூராக வைத்தார். பின்னாலிருந்து துரத்தும் அலை தட்டையான பலகையில் அறையாமல் இரண்டாகப் பிரிந்து போகும். கூரான அமரம் நார்வேயில் பழைய மரபுதான். அதை ஆழ்கடலுக்குத் தகுதியாக்கியதுதான் அவர் சாதனை என்பேன்.

1893இல், 61 வயதில், அவர் வடிவமைத்த மீட்புப் படகு கடலில் இறங்கியது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். மறு ஆண்டே வடகோடி ஹாம்னிங்பெர்க் கிராமத்தில், புயலில் சிக்கிய 36 பேரை அது கரைசேர்த்தது. எஞ்சின் கிடையாது, பாய் மட்டும்தான். ஃப்ராமைவிட இந்தப் படகின் மீதுதான் எனக்குப் பிரியம் அதிகம்.

நெடும்பயணம் போகும் பாய்மரக்காரர்களும் அப்புறம் இந்த வடிவத்தையே நாடினார்கள். அமெரிக்கரான வில்லியம் அட்கின் அதை 32 அடிக்குச் சுருக்கி வரைந்தார். அந்த வரைபடத்தை வைத்து மும்பையில் தேக்கில் கட்டிய படகுதான் சுஹைலி. 1968-69இல் நடந்த ஒரு பாய்மரப் போட்டியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் மாலுமி அந்தப் படகில் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. மும்பைத் தச்சர்களின் கைவேலையும் லார்விக்கின் வடிவமும் ஒரே படகில் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

வீட்டை ஒட்டிய துறையில் கூரான அமரம் கொண்ட ஒரு மரப்படகு கட்டிக்கிடந்தது. யாருடையது என்று கேட்க ஆளில்லை. விசைப்படகு ஒன்று கடந்துபோக, அதன் அலை வந்து அமரத்தில் பட்டு இருபுறமும் பிரிந்து ஓடியது. படகு லேசாக ஏறி இறங்கியது. ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. சரி என்று அங்கேயே உட்கார்ந்து, அடுத்த அலைக்காகக் காத்திருந்தேன்.